பின்பனித் தடம்

தமிழில் பனி இல்லை என்று சென்ற வருஷம் ஒரு நண்பர் கடிதம் எழுதியிருந்தார். அவர் தட்பவெப்பத்தைச் சொல்லவில்லை, கவிதையைச் சொன்னார். நம்மவர்களின் கவிதைகளில் விழுகிற பனியெல்லாம் நாடகக் கொட்டகையில் மேலே ஆள் உட்கார்ந்து தூவுகிற காகிதத் துணுக்குகள் என்பது அவர் கட்சி. உதாரணமாக அவர் எடுத்துக்கொண்ட வரிகளில் இரண்டு என்னுடையவை. அந்தக் கவிதையை எழுதிய நாளில் நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்திருந்தேன். வெண்மை, மௌனம், மரணம் என்று மூன்று வார்த்தைகள் அந்தப் படிப்பிலிருந்து தயாராக வந்து நின்றன. நான் அவற்றை வரிசைப்படுத்தினேன். பிறகு பனியுள்ள தேசத்துக்கே வந்து சேர்ந்து, பதினைந்து குளிர்காலங்களைக் கழித்த பின்னும், அந்தக் கவிதையைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிதம் உறுத்தியதற்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

முதலில் பதிலாக ஒரு வாதம் எழுதினேன். பழைய இலக்கியத்தில் பனி என்ற ஒரே சொல் குளிருக்கும் பனித்துளிக்கும் நடுக்கத்துக்கும் கண்ணீருக்கும் வருகிறது. வருஷத்தின் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று இரண்டு அதன் பெயரிலேயே இருக்கின்றன. அவற்றில் பின்பனியைத் தொல்காப்பியம் பிரிவின் நிலமான பாலைக்கும் உரியதாக்குகிறது. ஆகவே தமிழில் பனி உண்டு. ஆனால் வானத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் தரையில் கிடந்து, கெட்டிப்பட்டு, அழுகி, ஒரு நாள் ஓடையாகிப் போய்விடுகிற அந்த வஸ்துவுக்கு மட்டும் தனிச்சொல் இல்லை. இப்படியாகப் போயிற்று வாதம். எழுதி முடித்தபோது சாமர்த்தியமாக இருந்தது. கிழித்துப்போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

*

ஒஸ்லோ நகரின் வடக்கே வீடுகள் முடிகிற இடத்தில் நூர்மார்க்கா என்ற காடு தொடங்குகிறது. நகர ரயிலின் முதலாம் எண் வண்டி வளைந்து வளைந்து மலையேறி ஃப்ரொக்னர்சேத்தரன் என்ற நிலையத்தில் நின்றுவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 469 மீட்டர். அதற்கப்பால் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு. நம் கணக்கில் சித்திரை பிறந்துவிட்டது. நகரத்தில் ஒரு பிடி பனி கிடையாது. காப்பிக் கடைகள் நாற்காலிகளை வெளியே போட்டிருந்தன. மெல்லிய சட்டையோடு ரயிலில் இருந்தவர்களுக்கு நடுவே நாங்கள் நாலு பேர் பலகைகளை முழங்கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பந்தலைப் பிரித்த பிறகு மொய்க்கவரோடு வந்து நிற்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

நாலு பேரில் மூத்தவர் ஓய்வுபெற்ற தச்சர். 71 வயது. எனக்கு இந்த வித்தையைக் கற்றுத் தந்தவர் அவர். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் செவிலி ஒருவர். பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்து நண்பர். பிறகு நான். நார்வே மொழியில் இன்று ஏறக்குறைய எல்லோரும் எல்லோரையும் ஒருமையில்தான் அழைக்கிறார்கள். தச்சரை நானும் அப்படித்தான் அழைக்கிறேன், அவர் பேத்தியும் அப்படித்தான் அழைக்கிறாள். தமிழில் எழுதும்போது கை வரவில்லை. இங்கே அவர் 'அவர்' ஆகிவிடுகிறார். ஆனால் அன்று மத்தியானம் அவர் எனக்கு இட்ட கட்டளைகளை மட்டும் ஒருமையில்தான் எழுதியாகவேண்டும். அவற்றில் மரியாதைக்கு இடமிருக்கவில்லை.

*

நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் பலகைகளைக் கவிழ்த்துப் போட்டுத் தச்சர் வேலையைத் தொடங்கினார். இதைப் பனிச்சறுக்கு என்று நாம் சொல்கிறோம். பாதிதான் சரி. சறுக்க மட்டும் தெரிந்த பலகையால் சமதரையில் ஓர் அடிகூட முன்னே போகமுடியாது. ஒரு காலை ஊன்றி உந்தும்போது அது பனியைப் பற்றவேண்டும், மற்றக் கால் அதே கணத்தில் வழுக்கிப் போகவேண்டும். ஒரே பலகை இரண்டையும் செய்யவேண்டும். இதற்காகப் பலகையை நடுவில் லேசாக வில்போல வளைத்துச் செய்கிறார்கள். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடுவதில்லை, பலகை வழுக்குகிறது. முழு பாரத்தையும் ஒரு காலில் போட்டால் வளைவு நிமிர்ந்து, நடுவில் பூசிய மெழுகு பனியில் அழுந்திப் பற்றிக்கொள்கிறது. பற்றினால் முன்னால் தள்ளலாம், பின்னால் நழுவாது. இந்த ஏற்பாட்டைத் தச்சர் எனக்கு முதல் நாளே ஒரு மூங்கில் அளவுகோலை மேஜைமேல் வளைத்துக் காட்டி விளக்கியிருந்தார். ஷீ என்று அவர்கள் உச்சரிக்கும் சொல்லுக்கு மூலம் பழைய நார்ஸ் மொழியில் பிளந்த மரம் என்பதைச் சொன்னபோது, தன் தொழிலுக்குள்ளேயே அது இருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

குளிர் உறைந்த நாட்களில் கட்டி மெழுகு போதும். உருகி உறைந்து உருகுகிற பனிக்குக் க்லிஸ்தர் வேண்டும். அந்த மொழியில் க்லிஸ்தர் என்றால் பசை. 1913இல் பீட்டர் ஓஸ்ட்பி என்ற நார்வேக்காரர் இப்படியொரு பசைக்குக் காப்புரிமை வாங்கினார். பற்பசைக் குழாய் மாதிரி ஒன்றில் வரும். பலாப்பழப் பாலையும் தேனையும் கலந்த மாதிரி இருக்கும். சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றிப் பிதுக்கி உள்ளங்கையால் தேய்க்கவேண்டும். தேய்த்த கையில் அன்று முழுவதும் எல்லாம் ஒட்டும்: கையுறை, ரொட்டி, பைன் ஊசிகள், எழுதுகிற தாள். நிறத்துக்கு ஒரு குணம். நீலம் கெட்டிப்பட்ட மேலோட்டுக்கு, சிவப்பு ஈரத்துக்கு. "காலை நீலம், மத்தியானம் சிவப்பு, மூன்று மணிக்கு ஒன்றும் உதவாது" என்றார் தச்சர்.

பனி அழுகுகிறது என்று அவர்கள் சொல்வதை முதலில் கேட்டபோது அது ஒரு படிமம் என்று நினைத்தேன். அல்ல, விவரணை. பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி, ஒவ்வொரு துகளும் முனை மழுங்கிக் கல்லுப்பு மாதிரிப் பருத்துவிடுகிறது. காலையில் இந்தப் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிமெண்ட் தளம் போல் இருக்கும். பத்து மணிக்குமேல் பிணைப்பு விடும். பிறகு இடுப்புயரப் பனி இருந்தாலும் அது ஆளைத் தாங்காது. ஒரு கிராம் பனிக்கட்டி நீராவதற்கு 80 கலோரி வெப்பம் தேவை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த 80 கலோரியும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெப்பமானி பூஜ்யத்திலிருந்து அசைவதில்லை. எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது, காட்டுகிற முள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

*

காலைப் பொழுது நன்றாகத்தான் போயிற்று. மரநிழலில் தடம் கெட்டியாக இருந்தது. வெயில் பட்ட இடங்களில் பனி பழுப்பாகி, குளிர்காலம் முழுவதும் உதிர்ந்த பட்டைத் துணுக்கும் பைன் ஊசியும் மேலே தங்கி, பெருக்காத முற்றம் போலிருந்தது. இறக்கங்களில் இரண்டு முறை விழுந்தேன். நிழலிலிருந்து வெயிலுக்குள் பாயும் இடத்தில் பலகை திடீரென்று பிடிக்கும், உடம்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரண்டு முறையும் மற்றவர்கள் நின்று காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

உல்லெவோல்சேத்தர் என்ற இடத்தில், முன்பு கோடையில் மாடு மேய்த்த பண்ணை, இப்போது நடக்கிறவர்களுக்குக் காப்பி விற்கிற விடுதி, சுவரில் முதுகைச் சாய்த்து வெயிலில் உட்கார்ந்தோம். செவிலி ஆரஞ்சுப் பழங்களை உரித்துக் கொடுத்தார். பஸ் நண்பர் க்விக் லுன்ஷ் சாக்லேட்டை நாலாக ஒடித்தார். அந்தச் சாக்லேட்டின் உறைக்குள் மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளை அச்சிடுவது ஒரு வழக்கம். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த விதிகள் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாயின. இப்போது ஒன்பது விதிகள். எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, அதில் வெட்கமில்லை என்கிற அர்த்தத்தில் வரும். உரத்துத் தமிழாக்கம் செய்து நண்பருக்குச் சொன்னேன். "எங்கட ஆக்களுக்கு இது சரிவராது அண்ணை. திரும்பிறதுக்கு இடம் வேணுமெல்லே" என்றார். சிரித்தோம். செவிலிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றேன். சிரிப்பு வரவில்லை.

*

கிக்குட் வரை போய்வருவது திட்டம். நடுவே பியர்ன்ஷோயன், கரடி ஏரி. இதன் நீர்தான் கீழிறங்கி மரிடால்ஸ்வன்னெட் வழியாக ஒஸ்லோவின் குழாய்களுக்கு வருகிறது. என் வீட்டுச் சமையலறையில் நான் தினமும் குடிப்பது. குளிர்காலத்தில் ஏரியின் மேலேயே நேராகப் போய்விடலாம். அன்று சுற்றிக்கொண்டு பாதை வழியாகத்தான் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதையிலோ பாதிக்குமேல் சரளைக்கல் தெரிந்தது. தச்சர் குனிந்து பூட்டைக் கழற்றத் தொடங்கினார். செவிலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஏரியைப் பார்த்தேன். சாம்பல் நிறமாகப் பரந்து கிடந்தது. கரையிலிருந்து நேராக அக்கரைக்கு ஒரு தடம் போயிற்று. இரண்டு இணைகோடுகள். சுற்றியிருந்த பனி தாழ்ந்துவிட்டதால் அவை மேலெழுந்து, யாரோ இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டியதுபோல் வெள்ளையாகத் துலங்கின. யாரோ போயிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வரி தோன்றிற்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த வரியை இங்கே தரப்போவதில்லை. நல்ல வரி. அது முழுமையாக அமைவதற்கு நான் அந்தத் தடத்தின்மேல் சில அடி போனால் போதும் என்று பட்டது. இரண்டு முறை விழுந்ததும் இதில் சேர்ந்திருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. கரையின் நிழலில் பனி கெட்டியாக ஏரியோடு சேர்ந்திருந்த இடத்தில் இறங்கினேன்.

முதல் சில அடிகள் சுகமாகப் போயின. தடம் நன்றாகத் தாங்கியது. எட்டுப் பத்து மீட்டர் போயிருப்பேன். வலது கைக் கம்பை ஊன்றினேன். அது ஊன்றவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், தயிருக்குள் கரண்டி இறங்குவதுபோல் இறங்கிற்று. இழுத்தபோது அந்தத் துளையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொப்பளித்து என் பூட்ஸ் பக்கம் பரவியது.

"ஸ்தோ!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நில்.

நின்றேன். வசந்தகாலத்து ஏரிக்கட்டி தடிமனாக இருக்கும், ஆனால் தடிமனுக்கு அர்த்தமிருக்காது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெயில் உள்ளே புகுந்து படிகங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தின்றுவிடுகிறது. மெழுகுவர்த்திகளைக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்த மாதிரி, எல்லாம் செங்குத்தாக, ஒன்றையொன்று பற்றாமல் நிற்கும். அதிலும் நான் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை வந்து விழுகிறது. ஓட்டமுள்ள இடத்தில் அடியிலிருந்தும் அரிப்பு. அப்போது இவையெல்லாம் தெரியாது. இடது கால் நடுங்கியதால் பாரம் தானாக வலது காலுக்குப் போயிற்று. பின்வாங்கப் பார்த்தேன். பலகை வர மறுத்தது. காலையில் அத்தனை கவனமாகத் தேய்த்த பசை, தன் வேலையைச் செய்தது. பின்னால் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டது. பலகையின் கீழே ஏதோ ஒன்று மெதுவாகத் தாழ்ந்தது.

"கம்பின் வாரிலிருந்து கையை எடு."

எடுத்தேன்.

"காலைத் தூக்காதே. இரண்டு காலிலும் சமமாக நில்."

பயப்படுகிற உடம்பு இரண்டு காலில் சமமாக நிற்பதில்லை. அது எப்போதும் ஒரு காலை நம்புகிறது. மூங்கில் அளவுகோலை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். நினைக்கவில்லை. குரல் சொன்னதைச் செய்தேன். பாரம் இரண்டாகப் பிரிந்ததும் பசைப் பகுதி பனியிலிருந்து விடுபட்டது. பலகை ஒரு விரற்கடை பின்னால் வந்தது. பிறகு இன்னொன்று. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். பார்க்கவில்லை. பிறகு, "இடது கம்பைப் பின்னால் நீட்டு" என்றார். நீட்டினேன். அதை ஒரு கை பற்றியது. பாரத்தை மாற்றாமல் நான் நின்றேன், சாமானை இழுப்பதுபோல் என்னை இழுத்தார்கள்.

கரைக்கு வந்தபின் திரும்பிப் பார்த்தேன். தச்சர் வயிறு அழுந்த ஏரிமேல் கிடந்தார். தன் இரண்டு பலகைகளையும் நெஞ்சுக்குக் கீழே போட்டிருந்தார். அவர் கணுக்கால்களைச் செவிலியும், செவிலியின் இடுப்பை நண்பரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தச்சரின் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றார் நண்பர். குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது.

செவிலி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இவருக்கு 71 வயது. நீ உள்ளே போயிருந்தால் இவரும் இறங்கியிருப்பார்." அதன்பின் நகரம் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

*

கிக்குட் போகவில்லை. வந்த வழியே திரும்பினோம். உல்லெவோல்சேத்தரிலிருந்து சொங்ஸ்வன் நிலையத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் அகலமான சரளைப் பாதை. பனி போய்விட்டிருந்தது. பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். சாக்கடையோரம் வெயில் விழும் பக்கத்தில், இன்னும் இலைகூட விடாமல், செதில் செதிலான தண்டின்மேல் மஞ்சள் பூக்கள். குதிரைக் குளம்பு என்று பெயர். பனி போன இடத்தில் முதலில் வருவது இதுதான்.

தச்சர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடியும், வாய் வேறொன்றைக் கேட்டது. அந்தத் தடம் யாருடையதாக இருக்கும்?

"என்னுடையதாகவே இருக்கலாம்" என்றார். "மார்ச் நடுவில் தனியாக வந்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் குதிரையும் வண்டியும் நின்றிருக்கும்." கொஞ்ச தூரம் நடந்தபின், "அழுத்திப் போன பனி கடைசியில்தான் உருகும். கீழே இருப்பது அதற்கு முன்பே போய்விடும்" என்று சேர்த்தார். பனியைப் பற்றித்தான் பேசினார். அதற்குமேல் அவர் ஒன்றும் உத்தேசிக்கவில்லை.

ரயிலில் இதை நினைத்துக்கொண்டு வந்தேன். நண்பரின் கடிதத்துக்கு நான் எழுதிக் கிழித்த பதில் ஏன் பொய்யாக இருந்தது என்பது கொஞ்சம் புரிந்தது. வெண்மை, மௌனம், மரணம் என்ற என் மூன்று வார்த்தைகளும் யாரோ எங்கோ உண்மையாக நடந்துபோன தடங்கள்தான். போனவர்களின் காலுக்குக் கீழே அன்று ஏதோ தாங்கியது. ஒரு தேசம், ஒரு சாவு, ஒரு யுத்தத்துக்குப் பிந்தைய குளிர்காலம். தடம் துலக்கமாக இருக்கிறது என்பதற்காக அதன்மேல் போகிறவனுக்குக் கீழே அது இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. சொல்லப்போனால் மற்றதெல்லாம் கரைந்து போனதால்தான் அது அவ்வளவு துலக்கம். இதை நான் விமர்சனக் கோட்பாடாகச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் என் வலது கம்பு இறங்கிய இடத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்கிறேன். அதோடு, என் பிழைக்கு ஒருவர் ஏரிமேல் குப்புறக் கிடக்க வேண்டியிருந்தது என்பதையும். நண்பரின் கடிதம் கவிதையில் பொய்யைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பொய்க்கு ஈடாக யாருடைய முழங்கை நனைகிறது என்ற கேள்வி அதில் இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தச்சர் வீட்டுக்குப் போனேன். பலகைகளை அடுத்த குளிர்காலத்துக்கு எடுத்து வைக்குமுன் பழைய க்லிஸ்தரைச் சுரண்டியாகவேண்டும். அவர் தட்டையான சுரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். செவிலி வேலியருகே நின்று, கொஞ்சம் தயங்கி, கையசைத்தார். சுரண்டச் சுரண்டப் பசையோடு பைன் ஊசிகளும் மரப்பட்டைத் தூளும் ஒன்றிரண்டு மணல் பரலும் வந்தன. அந்த நாள் முழுவதும் அதில் ஒட்டியிருந்தது. கரைப்பான் ஊற்றித் துடைத்தும் கை பிசுபிசுத்தது.

வீட்டுக்கு வந்து, ஏரிக்கரையில் தோன்றிய அந்த வரியைக் குறித்து வைத்திருந்த தாளை எடுத்தேன். விரலோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பாதி கிழிந்து வந்தது. மீதியை நானே கிழித்தேன். நண்பருக்கு இதைத்தான் அனுப்புகிறேன். ஓரத்தில் ஒரு கறை இருக்கும். சிவப்புக் க்லிஸ்தர்.